மேல்மண்: வரலாற்று நகரங்களைப் பார்ப்பது குறித்துச் சில குறிப்புகள்

'வரலாற்று நகரம்' என்கிற சொற்சேர்க்கையை நாம் யோசிக்காமலேயே புழங்கி வருகிறோம். எல்லா ஊருக்கும் வரலாறு உண்டென்றால் சில ஊர்கள் மட்டும் வரலாற்று நகரங்களாவது எப்படி? தஞ்சாவூர் வரலாற்று நகரம். அதற்குப் போகிற வழியில் பஸ் நின்று போகும் சேத்தியாத்தோப்பு அப்படியல்ல. கங்கைகொண்ட சோழபுரம் இன்றைக்கு நகரமே இல்லை, கிராமம்; ஆனால் வரலாற்று நகரம். நான் வசிக்கிற நெய்வேலியோ தார்ரோடும் தெருவிளக்குமாக முழுக்க நகரம். ஆனால் அதற்கு வரலாறு கிடையாது, ஆண்டறிக்கை மட்டும்தான் உண்டு என்பதாக ஒரு நினைப்பு. இந்த வகைப்பாட்டை யார் செய்கிறார்கள், எதை வைத்துச் செய்கிறார்கள் என்பதே இங்கே கேள்வி.

சுற்றுலாப் பயணியின் பார்வை குறித்து ஜான் அர்ரி 1990 இல் ஒரு நூல் எழுதினார். மருத்துவரின் பார்வை எவ்வாறு ஒரு நிறுவனத்தால் உருவாக்கப்படுகிறது என்று ஃபூக்கோ காட்டியதிலிருந்து தொடங்கி, ஊர் பார்க்கப் போகிறவனின் கண்ணும் அப்படித் தயாரிக்கப்பட்டதுதான் என்கிறார். எதன் முன்னால் நிற்பது, எதைப் பார்க்காமல் கடந்து போவது என்பதெல்லாம் போர்டுகளும் கையேடுகளும் பஸ் நிற்கும் நேரமும் ஏற்கனவே தீர்மானித்த விஷயங்கள். பயணி புதிதாக எதையும் காண்பதில்லை. படத்தில் கண்டதை நேரில் போய்ச் சரிபார்த்துவிட்டு வருகிறான். இதற்கு அர்ரி வரைக்கும் போகவேண்டியதில்லைதான். எங்கள் ஊர் குவார்ட்டர்ஸ்களில் ஹாலுக்குள் நுழைந்தாலே தெரியும். எல்.டி.சி. போட்டு டெல்லி, ஆக்ரா போய் வந்த குடும்பம் தாஜ்மகாலுக்கு முன்னால் நிற்கிற போட்டோ டி.வி.க்கு மேலே மாட்டியிருக்கும். எந்த வீட்டுப் போட்டோவிலும் ஆக்ரா என்கிற ஊர் இருக்காது. காண்ட்ராக்ட் தொழிலாளி வீட்டில் அந்தப் போட்டோவும் இருக்காது என்பது வேறு விஷயம்.

அவர்களுக்கும் சேர்த்து இருக்கிற ஒரே சுற்றுலா, ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டு வேன் பிடித்து ஒரு நாளில் போய்த் திரும்புவது. வடலூர், சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம். அங்கிருந்து அணைக்கரை, கும்பகோணம், தஞ்சாவூர். இந்தத் தடத்தில் நான் பலமுறை போயிருக்கிறேன், பாதி முறை பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணையாக. சோழபுரத்தில் அரை மணி நேரம் தருவார்கள். கோயிலைச் சுற்றி வந்து, சண்டேசருக்கு மாலை சூட்டும் சிற்பத்தின் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, வாசலில் வெள்ளரிப் பிஞ்சு வாங்குவதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிடுவார்.

இந்த அரை மணி நேரத்தில் பார்க்கப்படுவது எது? முதலாம் ராஜேந்திரன் வடக்கே கங்கைவரை படை அனுப்பிய வெற்றியின் பேரால் ஏறத்தாழ 1025 வாக்கில் உண்டாக்கிய தலைநகரம் அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சோழர்கள் ஒழிகிறவரை, சுமார் 250 ஆண்டுகள் அரசு அங்கிருந்துதான் நடந்தது. கோயில் நின்றது, நகரம் போய்விட்டது. அரண்மனையே செங்கல்லும் ஓடும் மரமுமாகத்தான் இருந்திருக்கிறது. குடிகள் வீடு எதனால் ஆகியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆக, ஆயிரம் வருஷம் நிற்கக்கூடிய பொருளால் எதைக் கட்டுவது என்பதை ராஜேந்திரனே முடிவு செய்துவிட்டான். நாம் 'வரலாறு' என்று பார்ப்பது அந்த முடிவைத்தான். 1987 இல் தஞ்சைக் கோயிலும் 2004 இல் சோழபுரமும் தாராசுரமும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது ஏறியவை கோயில்களே, நகரங்கள் அல்ல.

நகரம் இருக்கிற இடம் வேறு. சுற்றுவட்டார ஊர்ப் பெயர்களில் அது இன்னும் இருக்கிறது: உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி. இவற்றை ஒரு வரைபடத்தில் குறித்தால் நகரத்தின் எலும்புக்கூடு தெரியும். கோட்டைக்குள் யார், காவல் யார், சுண்ணாம்பு சுட்டவர்கள் எந்தப் பக்கம் என்பதெல்லாம் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாளிகைமேட்டில் மாநிலத் தொல்லியல் துறை 1980 முதலும் பிறகு 2021 முதலும் அகழாய்வு செய்து செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் சில்லுகளை எடுத்திருக்கிறது. சுவர்கள் பல இடத்தில் அடித்தளம் மட்டுமாக நிற்பதற்குக் காரணம் பாண்டியர் மட்டுமல்ல. பிற்பாடு ஊர்க்காரர்கள் அந்தச் செங்கல்லைத் தோண்டி வீடு கட்டியிருக்கிறார்கள். இதை அழிவு என்று படித்தவர்கள் வருத்தப்படுவார்கள். எனக்கென்னவோ, அரண்மனைச் செங்கல் குடியானவன் வீட்டுச் சுவராவதும் ஒரு வரலாற்று நிகழ்வாகவே படுகிறது.

இன்னொரு அழிவு இருக்கிறது. அதைச் சொல்கிற போர்டை நான் அங்கே பார்த்ததில்லை. 1836 இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கோயிலின் வெளிமதில் கருங்கற்களைக் கும்பினி அரசாங்கம் பெயர்த்துக்கொண்டு போயிற்று. ஊர்மக்கள் தடுத்திருக்கிறார்கள், அதற்காகத் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். கல்மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சர்க்கார் வாக்குறுதி தந்தது என்று அந்த நூற்றாண்டின் அரசுப் பதிவொன்றே சொல்கிறது. வளர்ச்சித் திட்டம், எதிர்ப்பு, தண்டனை, இழப்பீட்டு வாக்குறுதி. நெய்வேலிக்காரனுக்கு இந்த வரிசையை யாரும் விளக்கவேண்டியதில்லை. மதிலுக்காக நின்று தண்டனை வாங்கிய அந்த ஊர்க்காரர்கள் எந்தக் கையேட்டிலும் இல்லை. சுற்றுலா வேன் சோழபுரத்தை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் அணைக்கரையைத் தாண்டும்போது, பார்த்துவிட்டு வந்த கோயிலின் ஒரு பகுதியைத்தான் தாண்டுகிறது. அங்கே யாரும் போட்டோ எடுப்பதில்லை.

இங்கே எங்கள் ஊர்ச் சொல் ஒன்றைக் கொண்டுவர விரும்புகிறேன். திறந்தவெளிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கிற எல்லாவற்றுக்கும் 'ஓவர்பர்டன்' என்று பெயர். தமிழில் மேல்மண் என்கிறார்கள். தொழிலாளர்கள் சுருக்கி ஓ.பி. என்பார்கள் (வேலை செய்யாமல் ஓ.பி. அடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை). ஆங்கிலச் சொல்லில் 'சுமை' என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. நெய்வேலியில் இந்தச் சுமை ஏறத்தாழ 50 முதல் 100 மீட்டர் வரை. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணை அகற்றி நிலக்கரி கண்ணுக்குத் தெரிய 1961 ஆகஸ்ட் ஆயிற்று. களிமண், மணல், மணற்கல் மட்டுமா மேல்மண்? அதற்கும் மேலே வயல், முந்திரிக் கொல்லை, தெரு, ஐயனார் கோயில், சுடுகாடு எல்லாம் இருந்தன. எது நிலக்கரி என்று முடிவானதும் மற்றதெல்லாம் தானாகவே சுமையாகிவிடுகிறது. அகழாய்வாளரும் மண்ணைத்தான் வெட்டுகிறார், ஆனால் அடுக்கடுக்காக, ஒவ்வொரு அடுக்கையும் எழுதி வைத்துக்கொண்டு. பக்கெட் வீல் எந்திரத்துக்கு அடுக்கு கிடையாது.

சுற்றுலாப் பார்வை இந்த இரண்டில் எதைப் போன்றது? எனக்குச் சந்தேகமே இல்லை. 'ராஜராஜன்' என்கிற கரிப்படிவத்தை அடைய அது தஞ்சாவூரில் எதையெல்லாம் மேல்மண்ணாக அள்ளித் தள்ளுகிறது பாருங்கள். அங்கே அரண்மனை என்று காட்டப்படுவது நாயக்கர் கட்டி மராட்டியர் விரித்தது. மராட்டியர் மட்டுமே 1855 வரை ஏறத்தாழ 180 ஆண்டுகள் இருந்தார்கள். பெரிய கோயில் நந்தியே பிற்காலத்தது. இதெல்லாம் தெரிந்தாலும் கல்கியின் நாவல் கட்டித் தந்த சோழர் ஊரைத்தான் வேனில் வருகிறவர்கள் தேடுகிறார்கள்.

போன வருஷம் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் சுரங்கத்துக்காகக் காலி செய்யப்பட்ட ஊரைச் சேர்ந்தவர், இப்போது காண்ட்ராக்டில் வேலை. மாளிகைமேட்டில் கம்பி வேலிக்குள் இருந்த செங்கல் வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்காவது வேலி போட்டு வச்சிருக்கான் சார்" என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியைக் காட்டினார். 2023 ஜூலையில் பரவனாறு வாய்க்காலைத் திருப்பி வெட்டுவதற்காகக் கதிர் வாங்கிக்கொண்டிருந்த நெல்லுக்குள் எந்திரங்களை இறக்கிய ஊர் அது. நிலம் முன்னமே கையகப்படுத்தியாயிற்று என்றது நிர்வாகம். பயிரை அறுக்கக்கூட விடவில்லை என்றார்கள் விவசாயிகள்.

அப்படியானால் வரலாற்று நகரங்களுக்குப் போகவே கூடாதா என்று கேட்பவர்களுக்கு: போகவேண்டும், படிக்கப் போகவேண்டும். தஞ்சைக் கோயில் சுவர் முழுக்க எழுத்து. வேனில் வருகிறவர்கள் அதைக் கல்லில் போட்ட கோலமாக நினைத்துக் கடக்கிறோம். கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலத்தை அளந்து எழுதும்போது, வரி கொடுக்காத பகுதிகளைக் கழித்துக்கொண்டே வருகிறது ஒரு கல்வெட்டு: ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப்போன வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு. சோழர் பொற்காலம் என்று மேடையில் பேசுகிறவர்கள் படிக்கத் தயங்கும் சொல் இந்தப் பட்டியலில் கடைசிக்கு முன்னால் இருக்கிறது. இன்னொரு கல்வெட்டு, கோயில் பணிக்காகப் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பெயர் சொல்லி எழுதுகிறது: எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அந்தத் தெருக்களும் வீடுகளும் இன்று இல்லை. இந்த வாசகங்கள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கிளம்புவதற்கு முன் நாலு பக்கம் நகலெடுத்துக்கொண்டு போய்ச் சுவரோடு வைத்துப் பார்க்கலாம், டிரைவரிடம் மட்டும் முன்கூட்டியே இன்னொரு அரை மணி நேரம் கேட்டு வைத்துக்கொண்டு.