எழுத்துரு இல்லையேல் எண்ணும் இல்லை

கணினியில் திறந்த ஆவணத்தில் எழுத்துகளுக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்களோ பொருளற்ற குறிகளோ தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பர். கடன் ஒப்பந்தத்திலோ உத்தரவாதப் பத்திரத்திலோ இது நேர்ந்தால், அதனை வெறும் தோற்றக் குறையாகக் கருதலாகாது.

ரூபாய்க் குறியீடே இதற்குத் தக்க சான்று. உதயகுமார் வடிவமைத்த ₹ குறியீட்டை மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் அது யூனிகோடில் இடம்பெற்றது. இடைக்காலத்தில் வெளிவந்த ஓர் எழுத்துரு, விசைப்பலகையின் இடச்சாய்வுக் குறிக்குரிய இடத்தில் ரூபாய்க் குறியை வைத்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தொகைக்கு முன் சிறு சாய்கோடு மட்டுமே தெரியும்.

இருவகைப் பிழைகள்

கட்டங்கள் தோன்றினால், எழுத்து சரியாகவே பதிவாகியுள்ளது. அதற்குரிய வடிவம் உங்கள் கணினியில் இல்லை என்பது பொருள். தமிழ் ஆவணம் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்தது எனலாம். பாமினியில் ‘அ’ என்பது ‘எம்’ என்னும் ஆங்கில எழுத்தாகவே பதிவாகிறது.

இக்குழப்பத்தை நீக்கவே இஸ்கி என்னும் பொதுக் குறியீட்டு முறை உருவாகி, 1991இல் இந்தியத் தர நிர்ணயமாயிற்று. நம் புணே நகரின் சி-டாக் நிறுவனம் அம்முறையில் இயங்கும் இந்திய மொழி மென்பொருள்களைப் பரப்பியது. யூனிகோடின் இந்திய மொழிப் பகுதிகளும் இஸ்கியையே அடியொற்றியவை.

செய்ய வேண்டுவன

1. ஆவணத்தை யூனிகோடில் தட்டச்சு செய்க. வேர்டு கோப்பாயின், சேமிப்பு அமைப்புகளில் எழுத்துருவைக் கோப்புடன் இணைக்கும் வசதியைத் தேர்ந்தெடுக்க.
2. இயன்றவரை பி.டி.எஃப். வடிவில் அனுப்புக. அதன் பண்புகள் பகுதியில் எழுத்துரு இணைந்துள்ளதா எனச் சரிபார்க்க.
3. பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றியின் வாயிலாக யூனிகோடாக்கி, மூலத்துடன் ஒப்பிடுக.
4. தொகையை எண்ணிலும் எழுத்திலும் குறிப்பிடுக.
5. கையொப்பமிட வேண்டிய ஆவணம் சிதைந்திருந்தால் ஊகித்துப் படிக்காமல், அனுப்பியவரிடம் புதிய படி கேட்டுப் பெறுக.

ஓர் எச்சரிக்கை

2017இல் சில இணையதளங்களில் எழுத்துகள் வேண்டுமென்றே சிதைத்துக் காட்டப்பட்டன. “ஹோஃப்ளர்டெக்ஸ்ட் எழுத்துரு இல்லை” என்று கூறி, குரோம் உலாவியின் பெயரால் தீநிரல் பதிவிறக்கப்பட்டது. எந்த இணையப்பக்கம் எழுத்துருவை நிறுவச் சொன்னாலும் உடன்படாதீர். எழுத்துரு தேவையெனில், இயங்குதள அமைப்புகளிலிருந்தோ உருவாக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்தோ மட்டுமே பெறுக. தெளிவாகப் படிக்க இயலாத எதிலும் கையொப்பமிடாதிருப்பதே வாடிக்கையாளர்க்கு முதற் காப்பு.