கரும்புகை கக்கும் பழைய புல்லட்: பெட்ரோல் விரயத்தைத் தடுப்பது எப்படி?

பால் கேனையும் காய்கறி மூட்டையையும் சுமக்க ஒரு பழைய புல்லட் போதும் என்று கருதும் விவசாயிகள் உண்டு. 1955-ல் தொடங்கப்பட்ட என்பீல்டு இந்தியா நிறுவனத்தின் திருவொற்றியூர் ஆலையில் உருவான வண்டி இது. சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு தெருக்களில் ஓடிய வண்டிகளும் கைமாறி ஊர்ப்புறம் வருகின்றன. வாங்கும்போது நன்றாக ஓடிய வண்டி ஊருக்கு வந்ததும் கரும்புகை கக்கினால், கார்புரேட்டர் தேவைக்கு மேல் பெட்ரோல் விடுகிறது என்று பொருள்.

இதனால் வரும் நஷ்டம் சிறிதல்ல. லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 25 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,050 கிலோமீட்டர் ஓடினால் 30 லிட்டருக்குப் பதில் 42 லிட்டர் செலவாகும். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 1,200 ரூபாய் புகையாகப் போகிறது. மேலும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். பிஸ்டன் ரிங்குகள் விரைவில் தேய்ந்து, போர் செய்யும் செலவு வந்து சேரும்.

நோயை அறிதல்

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தாலும் பெட்ரோல் கூடினாலும் கரி படியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இது தெரியும். வெளிர் பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். கரி எண்ணெய்ப் பிசுக்குடன் இருந்து, புகையும் நீலமாக வந்தால் கோளாறு கார்புரேட்டரில் இல்லை. என்ஜின் எண்ணெய் எரிகிறது. பிளாட்டினம் பாயிண்ட் தேய்ந்து பொறி மங்கினாலும் பிளக் கருக்கும். ஆகவே முதலில் பொறியைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

செலவில்லாத சோதனைகள்

முதலில் சோக் முழுவதும் விடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து ஏர் பில்டர். நெல் தூசியும் மண் சாலைப் புழுதியும் அடைத்தால் காற்று குறைந்து புகை வரும். மூன்றாவதாக, வண்டியை நிறுத்தி, பெட்ரோல் குழாயைச் சிறிது நேரம் திறந்து வைக்க வேண்டும். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டினால், மிதவையோ மிதவை ஊசியோ பழுது. பித்தளை மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கினால், உள்ளே பெட்ரோல் புகுந்திருப்பது சத்தத்தில் தெரியும். ஓட்டை மிதவை மூழ்கிவிடும். பெட்ரோல் மட்டம் உயர்ந்துகொண்டே போகும்.

எந்த வேகத்தில் கோளாறு?

ஆக்சிலேட்டர் பிடியில் சுண்ணாம்புக் கட்டியால் கால், அரை, முக்கால் எனக் கோடு போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்க்கலாம். நின்ற நிலையிலும் மெதுவாக ஊரும்போதும் மட்டும் புகை வந்தால், பைலட் ஜெட், ஏர் ஸ்குரு பக்கம் பார்க்க வேண்டும். ஏர் ஸ்குருவை முழுவதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து சிறிது சிறிதாகச் சரிசெய்யலாம். வெளியே திருகத் திருகக் காற்று கூடும்.

கால் முதல் முக்கால் வரை புகைத்தால் காரணம் நீடில். அதன் கிளிப்பை ஒரு வெட்டு மேலே மாற்றினால் நீடில் கீழே இறங்கிப் பெட்ரோல் குறையும். அப்படியும் தீராவிட்டால், பல ஆண்டு உராய்வில் நீடில் ஜெட்டின் துளை அகன்றிருக்கும். நீடில், ஜெட் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. முழு வேகத்தில் மட்டும் புகைத்தால் மெயின் ஜெட் பெரிதாக இருக்கலாம்.

தியாகராய நகர் நெரிசலில் ஊர்ந்த வண்டியில் பெரும்பாலும் பைலட் ஜெட்தான் வேலை செய்திருக்கும். ஊர்ச் சாலையில் அரை ஆக்சிலேட்டரில் ஓட்டும்போதுதான் நீடிலின் தேய்மானம் வெளிப்படும். நகரில் மறைந்திருந்த குறை ஊரில் தெரிவதன் காரணம் இதுவே. நீலகிரி, கொடைக்கானல் விவசாயிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று அடர்த்தி குறைவு. கடலோரச் சென்னையில் சரிசெய்த கார்புரேட்டர் அங்கே அதிகப் பெட்ரோல் விடும்.

செய்யக்கூடாதவை

ஜெட் துளையைக் கம்பியால் குத்தக்கூடாது. துளை அகன்று கோளாறு நிரந்தரமாகும். பெட்ரோலில் கழுவிக் காற்று அடித்தால் போதும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். வேலை செய்யும்போது அருகில் பீடியோ விளக்கோ கூடாது. புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ ஜெட் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், அதில் பொறித்துள்ள எண்ணை ஒப்பிட வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் புகைக்குக் காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை சற்று மெலியுமே தவிர, கூடாது. ஆனால் பழைய ரப்பர் வாஷர்களை அது கெடுக்கக்கூடும், அவற்றை மாற்றிவிடலாம்.

பழுது தீர்ந்ததும் என்ஜின் ஆயிலை முகர்ந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தால் உடனே மாற்றிவிட வேண்டும். இந்தச் செலவுக்குத் தயங்கினால், பின்னால் என்ஜினுக்கே செலவழிக்க நேரும்.