காழும் வெளிறும்: ஆத்தங்குடி மனைகளின் மரவேலையைப் புதுக்கும் நெறி

சிவகங்கை மாவட்டத்துக் காரைக்குடியை அடுத்த ஆத்தங்குடி, தரையிற் பதிக்கும் பூக்கற்களால் இன்று பலரும் அறிந்த ஊராகும். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை வார்த்துக் கையாலேயே செய்யப்பெறும் அக்கற்களைக் காண வருவோர், கீழ்நோக்கிய கண்ணை மேலே உயர்த்துவாராயின் அவற்றினும் அரியதொரு செல்வத்தைக் காண்பர். நிலையும் தூணும் போதிகையும் உத்தரமும் வண்ணந்தீட்டிய மர விதானமுமே அச்செல்வம். 'ஆத்தங்குடி அரண்மனை' என மக்கள் வழங்கும் பெருமனையின் விதானம் இதற்குத் தக்க சான்று. இத்தகைய மரவேலையைப் பழுது நீக்கிப் புதுக்குங்கால் கொள்ளத்தகும் நெறி யாது, அந்நெறிக்கும் தமிழாய்வுக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் இரண்டினையும் ஈண்டு ஆராய்வோம்.

மரத்தின் இயல்பு

செட்டிநாட்டு மனைகளிற் பெரிதும் பயின்றது பர்மாத் தேக்கு. கீழ்ப் பர்மா 1852-இல் ஆங்கிலேயர் வயமான பின்னர், நகரத்தார் ஆங்குக் கொடுக்கல் வாங்கல் நடத்திப் பெரும்பொருள் ஈட்டினர். அப்பொருளோடு தேக்கும் கடல் கடந்து வந்தது. கடல் கடந்த அம்மரம் கடலிலே வாழவும் வல்லது. ஈரத்தால் மிகுதியும் வீங்காமையும், தன்னகத்தே எண்ணெய்ப்பசை உடைமையும் பற்றிக் கப்பற்றச்சரும் அதனையே விரும்பினர். திருகோணமலையின் பெயர் தாங்கி 1817-இல் பம்பாயிலே தேக்காற் கட்டப்பெற்ற ஆங்கிலப் போர்க்கப்பலொன்று, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கின்றது. ஆதலின் பழங்கலத்தின் உள்ளறையைப் புதுக்கும் தச்சர்க்கும் பழமனையைப் புதுக்கும் தச்சர்க்கும் அடிப்படை நெறி ஒன்றே என்னலாம்.

எனினும் ஒரு தேக்குமரத்தின் எல்லாப் பகுதியும் ஒரு தன்மைய அல்ல. அகத்தே காழுடையதனை மரம் என்றும், புறத்தே காழுடையதனைப் புல் என்றும் மரபியலுட் பகுத்தனர் தொல்காப்பியர். காழ் என்பதனைத் தச்சர் வயிரம் என்பர். காழைச் சூழ்ந்த, உறுதியற்ற பகுதி வெளிறு எனப்படும். தேக்கின் காழைக் கறையான் எளிதில் தீண்டாது. வெளிற்றையோ விரைந்து தின்னும். திருக்குறளில் தெரிந்து தெளிதல் அதிகாரத்தே 'வெளிறு' என்னும் சொல் அறியாமையைக் குறித்து நிற்கின்றது. மரத்தின் உள்ளீடின்மையைக் குறித்த சொல்லே அறிவின்மைக்கும் ஆயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும். புதுக்குவோர் முதற்கண் கேட்கவேண்டிய வினாவும் இதுவே: கெட்டது காழோ வெளிறோ?

பழுதின் வகை

மரம் கெடுதலைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் ஒருபொருட் கிளவிகள்போலத் தோன்றினும் வேறுபட்டனவே. செல்லரித்தல் என்பது கறையானால் வருவது. மண்வழி அதற்கு அடையாளம். உளுத்தல் என்பது வண்டினத்தால் வருவது; நுண்துளையும் மாவுபோன்ற பொடியும் அதனைக் காட்டும். மக்குதல் என்பது ஈரத்தால் வருவது. மூன்றற்கும் மருந்து ஒன்றன்று. முதலாவதற்கு மண்ணொடு மரம் தொடும் இடத்தைத் தடுத்தல் வேண்டும்; இரண்டாவதற்குத் துளைவழி மருந்து செலுத்துதல் வேண்டும்; மூன்றாவதற்கு நீர் வரும் வழியை அடைத்தல் வேண்டும். வளவைச் சூழ்ந்த ஓட்டுக்கூரையில் ஓர் ஓடு உடைந்தாலும் மழைநீர் கைமரத்தின் வழி இறங்கி உத்தரத்தின் முனையை மக்கச் செய்யும். கூரையைத் திருத்தாது உத்தரத்தைத் திருத்துவது வீண்செயலாம். சொல் வேறுபாட்டை அறியாதவர் நோய் வேறுபாட்டையும் அறியார்.

புதுக்கும் முறை

முதலாவது, கழற்றுமுன் ஒவ்வோர் உறுப்புக்கும் இடமும் எண்ணும் குறித்தல். இரண்டாவது, அழுக்கை மட்டும் நீக்குதல். விளக்குப் புகையும் கறுத்த மெருகும் படிந்த மரத்தைக் காஸ்டிக் சோடாவாற் கழுவின் மரம் கருகும்; உப்புத்தாளால் அழுந்தத் தேய்ப்பின் செதுக்கிய விளிம்புகள் மழுங்கும். அரக்கு மெருகு ஸ்பிரிட்டிற் கரையுமாதலின், மறைவான சிற்றிடத்தில் முதலில் தேய்த்துப் பார்த்துப் பின்னர் மேற்செல்லுதல் நன்று. வண்ணந்தீட்டிய விதானத்துக்கு இம்முறை ஆகாது. ஆங்கு மெல்லிய தூரிகையால் தூசு தட்டுவதே முதற்பணி.

மூன்றாவது, கெட்ட பகுதியை மட்டும் அரிந்து, நன்கு உலர்ந்த தேக்கினை இழையோட்டம் பொருந்துமாறு ஒட்டுதல். தேக்கின் எண்ணெய்ப்பசை பசையைப் பற்றவொட்டாது தடுக்குமாதலின், புதிதாக இழைத்த முகத்தை ஸ்பிரிட்டால் துடைத்து உடனே இணைப்பர் வல்ல தச்சர். கழுந்தும் துளையுமாக அமைந்த பழம்பொருத்தில் இரும்பாணி அடித்தல் கூடாது. துரு ஏறிப் பருத்த ஆணி மரத்தைப் பிளக்கும். நெடுநல்வாடை, அரண்மனை வாயிலின் கதவு செவ்வரக்குப் பூசப்பெற்றதனையும், கைவல்ல தச்சன் இறுக்கியமையால் இடைவெளியற்றுப் பொருந்தியதனையும் கூறுகின்றது. நெய்யும் வெண்சிறுகடுகும் அணிந்த நெடுநிலையையும் அப்பாட்டிற் காண்கின்றோம். இதனை மரங்காக்கும் மருந்தென நாம் துணியோம். அது தெய்வக் காப்பாதல் கூடும். ஆயின் நற்பொருத்தும் அரக்குப் பூச்சும் நம் தச்சர்க்குத் தொன்மையானவை என்பது ஐயமின்றிப் பெறப்படும்.

பதிப்பும் புதுக்கலும்

உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, சிதைந்த இடங்களைத் தம் சொல்லால் நிரப்பினாரல்லர், புள்ளியிட்டுக் காட்டினார். 1964-இல் வெனிசு நகரில் வகுக்கப்பெற்ற கட்டடக் காப்புச் சாசனம், புதிதாகச் சேர்த்த உறுப்பு முழுமையொடு இயையவும் வேண்டும், பழையதனின் வேறாக அறியப்படவும் வேண்டும் என்று விதிக்கின்றது. ஏட்டுக்கும் மரத்துக்கும் அறம் ஒன்றே. புதியதைப் பழையதென்று காட்டுவது இடைச்செருகல். பழையதனைச் சுரண்டிப் புதியதாக்குவது பாட அழிப்பு.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் பிரிக்கப்பெற்ற மனைகளின் தூண்களும் நிலைகளும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைக்குக் கிடக்கின்றன. கடையில் நிற்கும் தூண் அழகியதே; அது முகப்பில் நின்றதோ, பட்டாலையில் நின்றதோ, எப்போதிகையைத் தாங்கியதோ, அதனை இழைத்தோர் எப்பெயரால் அழைத்தனரோ என்பன அதனோடு வருவதில்லை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தொழிற்சொற்கள் பலவற்றைத் தந்துள்ளது. ஆயினும் கழுந்து, காடி, குடுமி என்பவற்றின் வடிவை அகராதி முழுமையாகக் காட்டாது. நிற்கும் நிலையும் ஆடும் கதவுமே காட்டும்.

எனவே, மனை புதுக்கப்பெறும் காலமே சொல் தொகுப்பார்க்கு உரிய காலம் என்பது நம் துணிபு. உறுப்புகள் கழற்றப்பெறும் அந்நாளில்தான் மறைந்திருந்த பொருத்துக்கள் வெளிப்படும். முதுதச்சர் வாயினின்றும் அவற்றின் பெயர்கள் வெளிப்படுவதும் அன்றே. முதுகலை மாணவர் ஒருவர் அளவுகோலும் குறிப்பேடுமாக அங்கு நின்று, உறுப்பின் இடம், அளவு, பெயர் என்னும் மூன்றனையும் ஒருங்கே பதிவாராயின், மனையோடு மொழியும் காக்கப்பெறும். அங்ஙனம் செய்யாவிடின், மரத்தின் காழ் எஞ்சினும் நம் அறிவில் வெளிறே எஞ்சும்.