ஒரு சிலிண்டர் ஹைட்ரஜன், 27 கிலோமீட்டர் ஓட்டம்!

உலகின் மிகப் பெரிய இயந்திரம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? ஒரு சின்ன ஹைட்ரஜன் சிலிண்டரில்! ஜெனீவாவுக்கு வெளியே, சுவிஸ் – பிரான்ஸ் எல்லையில் இருக்கும் செர்ன் ஆய்வகத்தின் பின்கட்டுக்குள் நுழைந்தால், முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஹைட்ரஜன் அணு என்பது ஒரு புரோட்டான், ஓர் எலெக்ட்ரான், அவ்வளவுதான். இங்கே அதோடு இன்னோர் எலெக்ட்ரானையும் ஒட்டவைத்து, மின்புலத்தால் விரட்டுகிறார்கள். முதல் வளையத்தின் வாசலில் மெல்லிய கார்பன் ஏடு ஒன்று காத்திருக்கிறது. அதைத் துளைத்துக்கொண்டு பாயும்போது இரண்டு எலெக்ட்ரானும் உரிந்துபோக, வெறும் புரோட்டான் மட்டும் வெளியே வருகிறது. அங்கிருந்து வளையம் மாற்றி வளையம், வேகம் ஏறிக்கொண்டே போகும். அவற்றில் ஒன்று 1959 முதல் ஓடிக்கொண்டிருக்கும் வளையம். ஆமாம், 1959!

கடைசியில், தரைக்குக் கீழே ஏறக்குறைய 100 மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெரிய வளையம். ஒரு நொடிக்குள் புரோட்டான் இதை 11,245 முறை சுற்றிவிடுகிறது. எதிரெதிராகப் பாயும் இரண்டு கற்றைகளிலும் உள்ள அத்தனை புரோட்டான்களையும் எடை போட்டால், ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் தேறும். ஆனால் ஒவ்வொரு கற்றைக்குள்ளும் இருக்கும் ஆற்றல், 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 400 டன் ரயிலுடையது!

இந்தக் கற்றைகளை வளைத்துப் பிடிப்பது 1,232 காந்தங்கள். ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், 35 டன். திரவ ஹீலியத்தில் மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர்ந்து கிடக்கின்றன. விண்வெளியின் வெறுமைகூட இவ்வளவு குளிர் இல்லை. குளிரக் குளிர உலோகம் சுருங்குமே? 3 கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள ஒரு வளைவுப் பகுதியே 10 மீட்டர் அளவுக்குச் சுருங்குகிறது. அந்த இடைவெளியை ஈடுகட்ட, காந்தங்களுக்கு நடுவே துருத்திபோல மடியும் இணைப்புகளை வைத்திருக்கிறார்கள். அந்தக் காந்தங்களைத் தாங்கி நிற்பது எது என்று குனிந்து பாருங்கள்: இந்தியாவில் செய்த ஜாக்கிகள்! டயர் மாற்றும்போது லாரியைத் தூக்குகிறோமே, அந்த வேலைதான். ஆனால் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு வரை நுணுக்கமாக நகர்த்தலாம். அப்படி 7,000-க்கும் மேல். எனக்கு இந்தச் சுரங்கத்திலேயே மிகப் பிடித்த பொருள் அதுதான்.

இவ்வளவும் எதற்கு? புரோட்டான்களை மோதவிட்டு, அவற்றுக்குள் பார்க்கத்தான். உள்ளே மூன்று குவார்க்குகள்: இரண்டு மேல் குவார்க், ஒரு கீழ் குவார்க். அவற்றைக் கட்டிவைத்திருப்பவை குளுவான்கள். குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் நூறில் ஒரு பங்குதான் வருகிறது. மீதி? உள்ளே குவார்க்கும் குளுவானும் ஓயாமல் ஆடும் ஆட்டத்தின் ஆற்றல்! உங்கள் உடம்பின் எடையில் பெரும்பகுதி அந்த ஆட்டம்தான் என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

மோதல்கள் நடக்கும் இடங்களில் ஒன்று சிஎம்எஸ் கருவி. 14,000 டன். தரைமேல் துண்டு துண்டாகக் கட்டி, பள்ளத்துக்குள் இறக்கியது. அதன் வயிற்றில் சுமார் 76,000 படிகங்கள். பெரும்பங்கு உலோகம், எஃகைவிடக் கனம், ஆனால் மறுபக்கம் தெரியும் அளவுக்குத் தெளிவு! ஒளித்துகள் ஒன்று வந்து மோதினால் படிகம் மினுங்கும். அந்த மினுக்கத்தை அளந்தால் வந்ததன் ஆற்றல் தெரியும். நொடிக்கு 4 கோடி முறை புரோட்டான் கொத்துகள் ஒன்றையொன்று ஊடுருவுகின்றன. எல்லாவற்றையும் சேமிக்க எந்தக் கணினியாலும் முடியாது. அதனால் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று கண்ணிமைக்கும் முன்பே மின்னணுச் சுற்றுகள் முடிவெடுத்துவிடுகின்றன.

அப்படிச் சலித்ததில் சிக்கியதுதான் ஹிக்ஸ் போசான் என்ற துகள். பிறந்த மறுகணமே சிதைந்துவிடும்; சில சமயம் இரண்டு ஒளித்துகள்களாக. அந்த இரண்டையும் படிகங்களில் பிடித்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டு, 2012 ஜூலை 4 அன்று சிஎம்எஸ், அட்லஸ் என்ற இரண்டு குழுக்களும் அறிவித்தன. குவார்க்குக்கும் எலெக்ட்ரானுக்கும் நிறை எப்படி வந்தது என்ற கதைக்கு அதுதான் சாட்சி.

இன்னும் ஒரு காட்சி பாக்கி இருக்கிறது. ஒரே மோதலில் இரண்டு ஹிக்ஸ் சேர்ந்து பிறக்க வேண்டும்! நடக்கும் என்று கோட்பாடு சொல்கிறது. ஆனால் மிக மிக அரிது. அதைப் பிடிக்கத்தான் மோதல்களைப் பல மடங்கு பெருக்கும் புதிய காந்தங்களைப் பூட்டப்போகிறார்கள்.