உப்பு வகுத்த எல்லைகள்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், சிதம்பரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில், ஓர் உயிரினம் ஒரு வாய்க்காலில் மிகுந்தும் அடுத்த வாய்க்காலில் அரிதாகவும் காணப்படுவதற்கான முதற்காரணத்தை நீரின் உப்பில்தான் தேட வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆற்று வெள்ளம் புகும்போது இந்த உப்பங்கழியின் நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடுகிறது, கோடையிலோ தேங்கிய பள்ளங்களில் கடலைவிடவும் உப்பேறி நிற்கிறது. வெளிநீர் உடல்நீரைவிட உப்பு மிகுந்ததானால் உடலிலிருந்து நீர் வெளியேறும், உப்புக் குறைந்ததானால் உள்ளே புகும் என்பதால், இந்த ஏற்றத்தாழ்வை உடலுக்குள் சரிசெய்துகொள்ளும் திறன் பெற்ற மடவை, கொடுவா, சேற்று நண்டு போன்றவை கழியில் தாக்குப்பிடிக்கின்றன. அத்திறன் இல்லாதவை மழைக்காலத்தில் கடலை நோக்கி ஒதுங்குகின்றன அல்லது மடிகின்றன. ஓர் உயிரினத்தின் பரவலைத் தீர்மானிப்பது அது தாங்கக்கூடிய குறைந்த அளவும் மிகுந்த அளவுமே என்ற இக்கருத்தை, அமெரிக்க விலங்கியலாளர் விக்டர் ஷெல்ஃபோர்டு 1913இல் 'தாங்கெல்லை விதி'யாக வகுத்தார்.

ஆயினும் தாங்க முடிந்த இடமெல்லாம் வாழிடமாகிவிடுவதில்லை. சுரபுன்னையின் முட்டுவேர்களில் வெண்சுண்ணாம்பு ஓடுகளாக ஒட்டிக்கிடக்கும் கொட்டலசு, நண்டின் உறவினம். நீரில் மூழ்கியிருக்கும்போது மட்டுமே இரை தேட இயலும் அது, நீரேற்றம் எட்டாத உயரத்தில் வறண்டு சாகும். அப்படியானால் கீழே எல்லை வகுப்பது எது? ஸ்காட்லாந்துக் கடற்கரைப் பாறைகளில் இருவகைக் கொட்டலசுகளை ஆராய்ந்து 1961இல் ஜோசப் கானெல் வெளியிட்ட முடிவு, மேலெல்லையை வறட்சியும் கீழெல்லையை வேகமாக வளர்ந்து இடத்தைப் பறிக்கும் மற்றோர் இனமும் வகுக்கின்றன என்பதாகும். பிச்சாவரத்தில் நீரேற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. அந்தக் குறுகிய உயரத்திற்குள்தான் இத்தனை பங்கீடும் நடந்தாக வேண்டும். நீர் வடிந்த சேற்றில் வேறொரு நண்டினத்தின் ஆண் ஒற்றைப் பெருங்கொடுக்கை ஆட்டியபடி, சிறுகொடுக்கால் சேற்றை அள்ளி வாயில் சலித்து, சத்து நீங்கிய மிச்சத்தைச் சிறு உருண்டைகளாகத் துப்பிச் செல்வதும் அங்கேதான்.

எண்ணிக்கையைத் தீர்மானிப்பது வேறொரு கணக்கு. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் நீரேற்றத்தோடு கழிக்குள் வந்து, வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. கழிக்குள் உணவும் மறைவிடமும் எவ்வளவு இருந்தாலும், முகத்துவாரத்தை மணல் மேடு அடைத்துவிட்டால் அவ்வாண்டின் இறால் வரத்து குறையும். எண்ணிக்கை மிகுந்திருப்பதும் எப்போதும் நலத்தின் அறிகுறியன்று; கழிவு சேர்ந்து உயிர்வாயு குறையும் சேற்றில், அதைத் தாங்கும் ஓரிரு புழுவினங்கள் மட்டும் பெருகுவது உலகெங்கும் அறியப்பட்ட செய்தி. தொழிற்பேட்டையை ஒட்டி ஓடும் கடலூர் உப்பனாற்றில் எத்தனை புழுக்கள் என்பதைவிட எத்தனை வகைப் புழுக்கள் என்று கேட்பதே பயனுள்ளது.

உப்பின் ஆட்சிக்கு மனிதர் நிகழ்த்திய பெருஞ்சோதனை ஒன்றும் இங்கு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய முறைப்படி பட்டை பட்டையாக மரங்கள் வெட்டப்பட்டதால், வெயில் நேரே பட்ட நிலம் காய்ந்து தாழ்ந்து தொட்டிபோலாயிற்று. அதில் புகுந்த கடல்நீர் வடிய வழியின்றி ஆவியாகி, வெண்கண்டலும் முளைக்க இயலாத அளவுக்கு உப்பைத் திரட்டியது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, நீர் நாள்தோறும் வந்து வடியச் செய்த பின்னரே அங்கு நட்ட கன்றுகள் வேர்பிடித்தன. மரம் நடுவதைவிட நீருக்கு வழிவிடுவதே முதன்மையான வேலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் தமிழகத்தில் அரிது.

2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் கொள்ளிடம் வழியே வரும் நன்னீர், 1836இல் கட்டப்பட்ட கீழணையையும் 1934இல் முடிந்த மேட்டூர் அணையையும் தாண்டி மிஞ்சிய நீர்தான். அது எப்போது, எவ்வளவு வரும் என்பது அந்தக் காட்டின் எல்லைக்கு வெகு தொலைவில் முடிவாகிறது.