முற்றுரிமையும் திறந்த மூல நிரலும்

தடையிலா அங்காடியில் போட்டி தானே தோன்றும். போட்டியால் விலை குறையும், தரம் உயரும் என்று பொருளாதார வகுப்பில் பயில்கிறோம். 1776-இல் ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலை வெளியிட்ட ஆடம் ஸ்மித் இக்கொள்கையின் தந்தை எனப் போற்றப்படுகிறார். ஆயினும், ஒரே தொழில் செய்வோர் ஒன்றுகூடின் அவர்தம் பேச்சு விலையேற்றும் சூழ்ச்சியில் முடிவதுண்டு என எச்சரித்தவரும் அவரே. அங்காடிக்குத் தடை அரசிடமிருந்து மட்டும் வருவதன்று. வென்ற வணிகனிடமிருந்தும் வரும். இணையப் பக்கங்களைக் காட்டும் ‘உலாவி’ என்னும் மென்பொருளின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும்.

இலவசம் என்னும் படைக்கலம்

1994-இன் இறுதியில் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் விரைவில் முதலிடம் பெற்றது. அந்நாளில் பெரும்பாலான தனியாள் கணினிகள் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் கொண்டே இயங்கின. அந்நிறுவனம் 1995-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்னும் உலாவியை உருவாக்கி, விண்டோசுடன் இணைத்து இலவசமாகவே வழங்கிற்று. நெசவாளி ஒருவர் வேட்டி விற்கும் தெருவில், அத்தெருவுக்கே உரிமையாளரான செல்வர் வேட்டியை இலவசமாக வழங்கினால் நெசவாளியின் கதி என்னாகும்?

1998-இல் அமெரிக்க நீதித்துறையும் பல மாநிலங்களும் வழக்குத் தொடுத்தன. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்குமாறு 2000-இல் நீதிபதி ஜாக்சன் ஆணையிட்டார். 2001-இல் மேல்முறையீட்டு மன்றம் அவ்வாணையை நீக்கியது. எனினும், சட்டத்துக்குப் புறம்பாக முற்றுரிமையைக் காத்தது உண்மையே என்பதை உறுதி செய்தது. தீர்ப்பு வருமுன்னரே நெட்ஸ்கேப் களத்தில் தோற்றுவிட்டது.

“இலவசமாகக் கிடைத்தபின் மக்களுக்கு என்ன இழப்பு?” என நண்பர்கள் வினவலாம். 2001-இல் எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்பு வந்தது. ஏழாம் பதிப்பு வந்ததோ 2006-இல்! போட்டியாளர் இல்லாதபோது புதுமைக்கு என்ன தேவை? விலை சுழியம் ஆயினும், தேக்கம் என்னும் வரியை முற்றுரிமை வாங்கியே தீரும்.

விலைக்கு வாங்க இயலாத போட்டியாளர்

தோல்வியின் விளிம்பில் நெட்ஸ்கேப் செய்த செயல் ஒன்று வரலாற்றை மாற்றியது. 1998 மார்ச்சில் அது தன் உலாவியின் மூல நிரலை உலகுக்கே திறந்துவிட்டது. மென்பொருளை ஆக்குவோர் மனிதர் படித்தறியும் வடிவில் எழுதுவதே மூல நிரல். அதை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என உரிமம் அளிப்பதே திறந்த மூல முறை.

இதன் பொருளாதாரச் சிறப்பு யாது? நிறுவனத்தை விலைக்கு வாங்கி மூடலாம். நட்டத்தில் தள்ளி வீழ்த்தலாம். பொதுவுடைமையாகிவிட்ட நிரலை அவ்வாறு செய்ய இயலாது. நெட்ஸ்கேப்பை வாங்கிய ஏ.ஓ.எல். நிறுவனம் 2003-இல் அதன் உலாவிப் பணிக்குழுவைக் கலைத்தது. நிரலோ அழியவில்லை. அதே ஆண்டில் தோன்றிய மோசில்லா அறக்கட்டளை, 2004 நவம்பரில் அந்நிரலின் வழிவந்த ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை வெளியிட்டது. பல பக்கங்களை ஒரே சாளரத்தில் தத்தல்களாகத் திறக்கும் அதன் வசதியை எக்ஸ்புளோரரும் தன் ஏழாம் பதிப்பில் சேர்க்க நேர்ந்தது. உறங்கியவனைப் போட்டி எழுப்பிவிட்டது!

திறந்த நிரல் மட்டும் போதுமா?

போதாது. 2008-இல் கூகுள் வெளியிட்ட குரோம் உலாவியும் குரோமியம் என்னும் திறந்த நிரலின்மீது எழுந்ததே. இன்று குரோமே முதலிடத்தில் உள்ளது. 2020-இல் மைக்ரோசாப்டும் தன் எட்ஜ் உலாவியை அதே அடித்தளத்துக்கு மாற்றிக்கொண்டது. மோசில்லாவின் வருவாயில் பெரும்பகுதியோ, கூகுள் தேடலை முன்னிறுத்துவதற்காகக் கூகுள் தரும் பணமே. இத்தகைய ஒப்பந்தங்களால் தேடல் துறையில் கூகுள் முற்றுரிமையைச் சட்டத்துக்குப் புறம்பாகக் காத்தது என 2024-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிரல் திறந்திருந்தும், மக்களைச் சென்றடையும் வழி செல்வர் கையில் இருப்பின் முற்றுரிமை மீண்டும் தலைதூக்கும் என்பது இதனால் புலனாகிறது.

எனவே, திறந்த நிரல் அங்காடியின் கதவைப் பூட்டாமல் காக்கும். அக்கதவை அடையும் பாதையைக் காப்பது சட்டத்தின் கடமை. நுழைந்தவரை ஆதரிப்பது பயன்படுத்துவோர் கடமை. கதவு திறந்திருந்தமையாலன்றோ, தன்னார்வலர் ஃபயர்ஃபாக்சைத் தமிழிலும் ஆக்கித் தந்தனர்! இலாபக் கணக்கில் இடம்பெறாத மொழிக்கும் இடமளிக்கும் அங்காடியே உண்மையில் தடையிலா அங்காடியாகும்.