உங்களுக்குத் தெரியுமா? மெமரி கார்டு எங்கே போனது?

நீளம் 15 மி.மீ., அகலம் 11 மி.மீ., தடிமன் வெறும் 1 மி.மீ. இந்த மைக்ரோ எஸ்டி கார்டுக்கு ஐபோனில் 2007-இல் வந்த முதல் மாடலிலிருந்தே இடமில்லை.

சாம்சங் கதை வேறு. 2015-இல் கேலக்ஸி எஸ்6-இல் கார்டு வசதியை எடுத்தது. வாடிக்கையாளர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள், மறு ஆண்டே எஸ்7-இல் சிம் ட்ரேயோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தது. 2021-இல் எஸ்21 வந்தபோது மீண்டும் நீக்கியது.

வேகம் ஒரு காரணம். போன்களில் பரவலாக உள்ள யுஎச்எஸ்-1 வகைக் கார்டின் உச்ச வேகம் நொடிக்கு 104 எம்பி. போனுக்குள்ளேயே இருக்கும் யுஎஃப்எஸ் சேமிப்பகம் அதைப் போலப் பல மடங்கு வேகமானது. ஆப்களைக் கார்டில் வைத்தால் திணறும் என்பது உண்மைதான். ஆனால் போட்டோவுக்கும் பாட்டுக்கும் அந்த வேகம் தாராளம். தண்ணீர் புகும் என்ற வாதமும் எடுபடாது: கார்டு போடும் எஸ்7-க்கு ஐபி68 தரம் இருந்தது. கூடுதல் ஜிபி உள்ள மாடலுக்குக் கூடுதல் விலை வைக்கலாம் என்ற வியாபாரக் கணக்கையும் மறந்துவிட முடியாது.

இழப்பு பழுதின்போதுதான் உறைக்கும். உள் சேமிப்பகச் சிப் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். போர்டு செத்தால் படங்களை மீட்பது பெரும்பாடு. கார்டில் இருந்தால் கழற்றி வேறு போனில் போட்டாலே போதும். ஒரு விதிவிலக்கு: ஆண்ட்ராய்டு 6-இல் வந்த வசதிப்படி கார்டை உள் சேமிப்பகமாக மாற்றியிருந்தால், அது மறையாக்கம் செய்யப்பட்டு அந்த ஒரு போனில் மட்டுமே திறக்கும்.

சோனி எக்ஸ்பீரியா 1 வரிசையில் 2024 மாடலிலும் கார்டுக்கு இடம் இருந்தது.